மரப்பாச்சியின் மீதிப் பாதி

திருப்பதி பொம்மைக் கடைகளில் மரப்பாச்சி கேட்டால், "துணி கட்டினது வேணுமாம்மா, கட்டாதது வேணுமா?" என்பார்கள். கட்டியது பார்த்தவுடன் கண்ணைப் பறிக்கும். ஜிகினாக் கரை, தங்கக் காகித ஒட்டியாணம், கழுத்து நிறைய மணி. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொலுப்படியில் வைத்தால் வேலை முடிந்தது. நான் கட்டாததைக் கேட்டுத்தான் வாங்குவேன். மரப்பாச்சியின் அழகே வேலை முடியாமல் வீட்டுக்கு வருவதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

உற்றுப் பார்த்தால் தெரியும். நிமிர்ந்து நிற்கும் ஓர் ஆண், ஒரு பெண். உடம்போடு ஒட்டிய கைகள். கண்ணும் மூக்கும் நாலு வெட்டில் முடிந்திருக்கும். கொண்டையும் நகையும் கோடுகளாக மட்டும் இருக்கும். செதுக்கியவருக்குக் கை வராததால் அல்ல. திருப்பதியிலும், ஏர்ப்பேடு பக்கத்து மாதவமாலாவிலும் மரம் செதுக்கும் குடும்பங்கள் பெருமாளின் சங்கு சக்கரத்தை நுணுக்கமாகச் செதுக்குகிறவர்கள். மரப்பாச்சியில் மட்டும் அவர்கள் வேண்டுமென்றே பாதியில் நிறுத்திக்கொள்கிறார்கள். மீதிப் பாதி வாங்குகிற வீட்டாருடையது.

அந்த மீதியைச் செய்வதுதான் பல வருஷமாக என் பொழுது. வீடு அலிபிரியில், மலையடிவாரத்தில். 3,550 படிகள் உள்ள நடைபாதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. விடிவதற்கு முன்பே 'கோவிந்தா' சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு ஏறும் பெண்களைத் தினமும் பார்க்கலாம். யாரும் கணக்குக் கேட்காத வேலை அது. ஆனாலும் ஒரு படியை விட மாட்டார்கள். சமையலும் பாத்திரமும் முடிந்து, வீடு ஓய்ந்த மத்தியானத்தில் ஜன்னலோரம் தையல் டப்பாவைத் திறக்கும்போது அந்தப் பெண்களைத்தான் நினைத்துக்கொள்வேன்.

டப்பாவில் இருப்பதெல்லாம் மிச்சம் மீதிதான். கிழிந்த பட்டுப் புடவையின் கரை, ரவிக்கைத் துண்டு, அறுந்த பாசிமணி, சமிக்கி, கூந்தலுக்குக் கறுப்புக் கம்பளி நூல். பக்கத்து வீட்டுப் பெரியம்மா தெலுங்குக்காரர். பீரோ ஒழிக்கும்போதெல்லாம் பழைய ஜரிகைத் துண்டை என் கையில் திணித்து, "இதி உஞ்சுகோ அம்மா" (இதை வச்சுக்கோ அம்மா) என்பார். அவர் கல்யாணத்துப் புடவையின் கரை இப்போது எங்கள் வீட்டு மரப்பாச்சியின் தோளில் இருக்கிறது.

சாண் உயரப் பொம்மைக்குப் புடவை கட்டுவது சின்ன வேலை என்று தோன்றும். பொம்மை சிறிதாகும் அளவுக்குத் துணி மெலிவதில்லை. அதுதான் சிக்கல். கனத்த பட்டைச் சுற்றினால் பொம்மை பொதியாகிவிடும். நைந்த பட்டு, பழைய துப்பட்டா, மெல்லிய அங்கவஸ்திரம் இவைதான் சரிப்படும். கரை விரல் அகலத்துக்கு மேல் போகக் கூடாது. கொசுவம் நிற்க வேண்டுமென்றால் துணியை நீர்த்த அரிசிக் கஞ்சியில் நனைத்து, ஈரத்தோடு மடித்து, கனமான புத்தகத்துக்கு அடியில் ராத்திரி முழுக்க வைக்க வேண்டும். காலையில் எடுத்தால் கத்திமுனை மாதிரி மடிப்பு நிற்கும். கை ஒட்டியிருப்பதால் ரவிக்கையைத் தைத்து மாட்ட வழியில்லை. நாடாவாக வெட்டிச் சுற்றி, முதுகுப் பக்கம் இரண்டு தையல் போட்டால் போதும். ஆண் பொம்மைக்குப் பஞ்சகச்சம்தான் சோதனை. பின்னால் செருகும் முனை நழுவாமல் இருக்க இடுப்பில் முதலில் ஒரு நூல்கட்டு வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி, மாமியார் சொல்லித் தந்தது. மரத்தில் பசை படக் கூடாது. கட்டலாம், செருகலாம், துணியோடு துணியைத் தைக்கலாம். ஒட்டக் கூடாது. அடுத்த நவராத்திரிக்கு அந்த உடையைக் களைந்து வேறு உடை கட்ட வேண்டுமே. களைந்த பின் உலர்ந்த துணியால் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவினால் மரம் மறுபடியும் மின்னும். பிறகு பழைய வேட்டித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டோடு பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும்.

களைவதும் கட்டுவதும் சேர்ந்ததுதான் அலங்காரம் என்பதை இந்த ஊர் எனக்கு வாராவாரம் காட்டுகிறது. சிவன் அபிஷேகப் பிரியன், திருமால் அலங்காரப் பிரியன் என்பார்கள். திருமலையில் வியாழக்கிழமை காலை பெருமாளின் நகைகளைக் களைந்துவிடுகிறார்கள். நெற்றித் திருநாமத்தைக் குறைக்கிறார்கள். வேட்டியும் உத்தரீயமுமாகக் கண்கள் தெரிய நிற்கும் அந்தக் கோலத்துக்கு நேத்திர தரிசனம் என்று பெயர். அன்று மாலை பூலங்கி சேவையில் உடம்பு முழுக்கப் பூ. வெள்ளிக்கிழமை அபிஷேகம் ஆனதும் மறுபடி முதலிலிருந்து அலங்காரம் தொடங்குகிறது. பிரம்மோற்சவம் வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலை வருகிறது. சென்னையிலிருந்து ஊர்வலமாகத் திருக்குடைகள் வருகின்றன. ராமானுஜர் சொல்லைத் தலைமேல் ஏற்றுத் திருமலைக்கு வந்து பூந்தோட்டம் போட்ட அனந்தாழ்வான் காலத்திலிருந்து, எங்கோ இருக்கும் கைகள் இந்த மலைக்காக உழைத்துக்கொண்டே இருக்கின்றன. மலைமேல் பிரம்மோற்சவம் நடக்கும் நாட்களில்தான் அடிவாரத்து வீடுகளில் கொலுவும் நடக்கிறது. மேலே நடப்பதன் சின்ன வடிவம்தான் எங்கள் வீட்டில் நடப்பது என்று நான் மனதார நம்புகிறேன்.

ஒரு நவராத்திரிக்கு எங்கள் ஜோடி சீனிவாசனும் பத்மாவதியும் ஆனார்கள். புத்தூர் பக்கத்து நாராயணவனம்தான் பத்மாவதியின் தந்தை ஆகாசராஜன் ஆண்ட ஊர், கல்யாணம் நடந்த இடம் என்பது தலபுராணம். அங்கே கல்யாண வெங்கடேஸ்வரர் கோயிலும் உண்டு, தறிகளும் உண்டு. அந்த ஊர்ப் பருத்திப் புடவையின் கரையைத்தான் பத்மாவதிக்குக் கட்டினேன். தாயார் ஊரிலிருந்து சீர் வந்தது போல மனசு நிறைந்தது.

சீனிவாசனின் உத்தரீயத்துக்கு வாங்கிய துணி எதுவும் மனசுக்குப் பிடிக்கவில்லை. அப்போதுதான் காளஹஸ்தி நினைவு வந்தது. இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம். துணியில் எழுதுகோலால் வரையும் ஸ்ரீகாளஹஸ்திக் கலம்காரியில் அச்சுக்கட்டை கிடையாது, முழுக்கக் கைக்கோடுதான். மங்கிக்கொண்டிருந்த இந்தக் கலைக்கு 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் பயிற்சியும் ஆதரவும் கிடைத்தன. அந்த மரபில் வந்த ஜொன்னலகட்ட குருப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். தஞ்சைச் சீமையில் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இதன் உறவான கருப்பூர்க் கலம்காரி இன்றும் இருக்கிறது.

காளஹஸ்திக் கலம்காரியின் செய்முறையை ஒரு கைக்குட்டை அளவுத் துணியில் வீட்டிலேயே செய்து பார்த்தேன். கடுக்காய்ப் பொடியையும் பாலையும் கலந்து, வெள்ளைப் பருத்தித் துணியை ஊறவைத்துக் காயவைக்க வேண்டும். பால்கொழுப்பு ஏறிய துணியில் மை பரவாது. கறுப்பு மைக்குத் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்கவிட வேண்டும். மூங்கில் குச்சியின் முனைக்கு மேல் துணியைச் சுற்றி நூலால் கட்டினால் எழுதுகோல் தயார். சுற்றிய துணி மையைக் குடித்து வைத்துக்கொண்டு, விரலால் அழுத்த அழுத்தக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். கலயத்தில் மங்கலாகத் தெரிகிற அந்தத் தண்ணீர் துணியைத் தொட்டதும் கன்னங்கரேல் என்று ஆகிறது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. சிவப்பு வேண்டுமென்றால் படிகாரம் தடவிய இடத்தை மட்டும் மஞ்சிட்டிச் சாயம் பற்றிக்கொள்ளும். காளஹஸ்தியில் ஸ்வர்ணமுகி ஆற்றின் ஓடுகிற தண்ணீரில் அலசுவார்கள். நான் குழாயடியில் அலசினேன். ஒரு சங்கு, ஒரு சக்கரம், ஓரத்தில் ஒரு கொடி. அவ்வளவுதான் வரைந்தேன். கடையில் விலைக்குக் கிடைத்த எந்தத் துணியும் அந்தத் தோளில் அவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்ததில்லை.

"இதையெல்லாம் விற்கலாமே" என்று வருகிறவர்கள் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். விற்றுப் பிழைக்கிற கைவினைஞருக்கு அந்த வருமானம் கிடைக்கட்டும், கிடைக்க வேண்டும். வீட்டில் செய்கிறவளுக்குக் கிடைப்பது வேறு. நேரம் என்னுடையது, அவசரம் இல்லை, பிடிக்காவிட்டால் பிரித்துத் திரும்பக் கட்டலாம். ஒரு கொசுவம் எப்படி நிற்கிறது, ஒரு கரை எங்கே மடங்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்த பிறகு, கடையில் ஒரு நெசவைப் பார்க்கும் கண்ணே மாறிவிடுகிறது. அதற்குப் பின்னால் எத்தனை உழைப்பு என்று தெரிவதால் பேரம் பேச வாய் வருவதில்லை. கைவினைஞருக்கு நல்ல வாடிக்கையாளர் வேண்டுமென்றால், வீடுகளில் ஊசி எடுத்துப் பழகிய கைகள் இருக்க வேண்டும்.

மரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மரப்பாச்சிக்கு மரபாக எடுக்கும் செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், என் ஜன்னலில் தெரிகிற இந்தச் சேஷாசலத்திலும் அதை ஒட்டிய மலைகளிலும்தான் இயற்கையாக வளர்கிறது. தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்கு இறுகிய மரம். அந்தச் சிவந்த வைரம் ஏறப் பல பத்தாண்டுகள் ஆகும். கல்லில் உரைத்து வீக்கத்துக்குப் பூசுவது பாட்டி வைத்தியம். குழந்தை வாயில் வைத்தாலும் பயமில்லை என்றுதான் மரப்பாச்சியைத் தொட்டிலருகே போட்டார்கள். அதே மரம் சீனாவில் விலையுயர்ந்த நாற்காலி மேசைகளாகவும் ஜப்பானில் ஷாமிசென் இசைக்கருவியாகவும் ஆகிறது. அந்த விலையால்தான் காடு வெட்டுப்படுகிறது. 2015 ஏப்ரல் 7 அன்று இந்தக் காட்டில் காவல்துறை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்திலிருந்து கூலிக்கு வந்த ஏழைகள். அழிவின் விளிம்பில் உள்ள மரங்களின் பட்டியலில் செம்மரம் இருக்கிறது. அதை வெட்டுவதும் விற்பதும் சட்டக் கட்டுப்பாட்டில் உள்ளன.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, வருஷத்துக்கு ஒரு புது ஜோடி வாங்க மனசு இடம் கொடுக்காது. கொடுக்கவும் வேண்டாம். மரப்பாச்சி நம் முன்னோர் வீட்டில் ஒரு தடவை வாங்கும் பொருளாகத்தான் இருந்தது. கல்யாணமாகிப் போகும் பெண்ணோடு கொடுத்தனுப்புவார்கள். அவள் வைக்கும் முதல் கொலுவில் அதுதான் முதலில் படியேறும். பொம்மை பழையது, உடை புதியது என்ற ஏற்பாட்டில் காட்டுக்கும் பாரம் இல்லை, பெண்ணின் கைக்கும் வருஷா வருஷம் வேலை உண்டு. இதைவிடச் சிறந்த ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் பாட்டியின் ஜோடி ஒன்று இருக்கலாம். இறக்குங்கள், துடையுங்கள். இல்லாதவர்கள் லேபாக்ஷி போன்ற அரசு விற்பனை நிலையத்தில், வேறு மரத்தில் செய்ததாக இருந்தாலும் பரவாயில்லை, உடை கட்டாத ஒரு ஜோடியைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் பெண் குழந்தை, ஆண் குழந்தை யார் இருந்தாலும் பக்கத்தில் உட்காரவைத்து, அம்மாவின் பழைய புடவைக் கரையில் ஒரு துண்டும் ஒரு ஊசியும் கையில் கொடுங்கள். கொசுவம் கோணினால் கோணட்டும். இந்த நவராத்திரிக்கு உங்கள் கொலுவில் நிற்கும் மரப்பாச்சி உங்கள் வீட்டார் கையால் புடவை கட்டியதாக இருக்கட்டும்.