டோக்கன் நம்பர் 43... சாஃப்ட்வேர் உள்ளே வரலாம்!

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவங்களுக்கு ஊர்ல ஒரு தனி மரியாதை உண்டு, கவனிச்சிருக்கீங்களா? பக்கத்து வீட்டு பிரின்டர் மக்கர் பண்ணினா கூப்பிடுவாங்க. அத்தையோட போன்ல மெமரி ஃபுல்லானா கூப்பிடுவாங்க. டேட்டா ஸ்ட்ரக்சர் பேப்பர்ல நாம எடுத்த மார்க் அவங்களுக்குத் தெரியாதே! அந்த வரிசையில போன செமஸ்டர் லீவுல எனக்கு வந்தது கொஞ்சம் பெரிய கேஸ். எங்க ஊர் டாக்டர், "ஏம்மா, கம்ப்யூட்டர்தானே படிக்கிற? க்ளினிக்குக்கு நல்ல சாஃப்ட்வேரா ஒண்ணு பார்த்துச் சொல்லேன். தினம் ஒருத்தர் டெமோ காட்டறேன்னு வந்து நிக்கறாங்க"ன்னுட்டார்.

எங்க ஊர் நெல்லிக்குப்பம். கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவுல இருக்கு. ஹாஸ்டல்ல சொன்னா, "நெய்வேலி பக்கமா?"ன்னு கேப்பாங்க. பக்கம்தான். ஆனா அவங்க நிலக்கரி, நாங்க கரும்பு! 1842-ல ஆரம்பிச்ச பாரி சர்க்கரை ஆலைதான் எங்க அடையாளம். வைத்தியத்துலயும் ரெண்டு ஊருக்கும் வித்தியாசம் இருக்கு. நெய்வேலி டவுன்ஷிப்ல என்.எல்.சி. ஊழியர்களுக்குக் கம்பெனியோட ஜெனரல் ஹாஸ்பிடலே இருக்கு. யார் ஊழியர், யார் அவங்க குடும்பம்னு கம்பெனிக்கே கணக்கு இருக்கும். எங்க டாக்டர்கிட்ட வர்றவங்க கரும்பு வெட்டறவங்க, லாரி ஓட்டறவங்க, இட்லிக்கடை வெச்சிருக்கறவங்க. இவங்களுக்கு நம்பர் எதுவும் கிடையாது. இவங்க யார்னு சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்... கம்பவுண்டர் மாமாவோட நோட்டு.

அந்த நோட்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். நீளமான கணக்கு நோட்டு, காலிகோ பைண்டிங். அதுல முருகன் மட்டும் ஒரு டஜன் இருப்பாங்க. கொத்தனார் முருகன், டீக்கடை முருகன், மேல்பட்டாம்பாக்கம் முருகன்னு மாமா பிரிச்சு வெச்சிருப்பார். சில பேருக்குப் பக்கத்துல சிவப்பு பேனாவால ஒரு வட்டம். கீழே ஒரு மருந்து பேரு. வட்டம் இருந்தா அந்த மருந்து அவருக்கு ஒத்துக்காதுன்னு அர்த்தம். பெனிசிலின் மாதிரி மருந்து ஒத்துக்காதவங்கள்ல சிலருக்கு அரிப்பு, தடிப்போட போயிடும். சிலருக்கு நிமிஷக்கணக்குல மூச்சு முட்டி, பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாயிடும். மாமா ஊசி எடுக்கறதுக்கு முன்னாடி நோட்டைப் பார்க்காம எடுத்து நான் பார்த்ததில்ல. 

பிரச்னை என்னன்னா, மாமாவுக்கு வயசு 60-ஐத் தாண்டிடுச்சு. நோட்டைப் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான். எந்த முருகன் எந்தப் பக்கம்கிறது அவர் மண்டைக்குள்ள இருக்கு. அதனாலதான் டாக்டருக்கு அவசரம்.

சரி, டெமோவுக்கு வருவோம். மூணு கம்பெனி வந்தாங்க. (பேர் வேண்டாம் பாஸ், பாவம், எல்லாரும் டார்கெட் இருக்கறவங்க.) முதல் ஆள் லேப்டாப்பைத் திறந்ததும் கலர் கலரா கிராஃப். இந்த மாச வருமானம், போன மாச வருமானம், எந்தக் கிழமை கூட்டம்... அசந்துட்டேன். 'புது நோயாளி' பட்டனைத் தட்டினதும்தான் கதை ஆரம்பிச்சுது. ஃபர்ஸ்ட் நேம் கட்டாயம், லாஸ்ட் நேம் கட்டாயம். நமக்கு ஏதுங்க லாஸ்ட் நேம்? முன்னாடி ஒரு இனிஷியல், அவ்வளவுதானே! அடுத்தது பிறந்த தேதி. அன்னிக்கு டோக்கன் நம்பர் 43-ல வந்த பாட்டிகிட்ட கேட்டோம். "எம்.ஜி.ஆர். செத்த வருஷம்தான் எனக்குக் கல்யாணம் ஆச்சு"ன்னாங்க. 1987-ஐ வெச்சு மாமா உடனே வயசைக் கணக்குப் போட்டுட்டார். சாஃப்ட்வேர் தேதி, மாசம் கேட்டு அடம்பிடிச்சுது. கடைசியா மொபைல் நம்பர். வீட்டுக்கு ஒரு போன், அது மருமக கையில. அந்த நம்பரைக் கொடுத்ததும் மாமியாரோட சுகர் ரிப்போர்ட் மருமக பேர்ல போய் உட்கார்ந்துக்கிச்சு!

ரெண்டாவது ஆளோட டெமோவுல மாமாவே எழுந்து வந்துட்டார். "தம்பி, வட்டம் எங்க?"

அவருக்குப் புரியலை. நான் விளக்கினேன். "ஓ, அலர்ஜியா சார்? சூப்பரா இருக்கு"ன்னு பேஷன்ட் ப்ரொஃபைலைத் திறந்தார், அப்புறம் ஹிஸ்டரி, அப்புறம் 'அதர்ஸ்', அதுக்குள்ள ஒரு சின்ன டப்பா. மாமா சிரிக்காம சொன்னார்: "அதுக்குள்ள நான் ஊசியே போட்டு முடிச்சிருப்பேன், தம்பி."

எனக்கு அந்த ஒரு வரி போதும்னு தோணிச்சு. அன்னிக்கு ராத்திரியே நான் தயார் பண்ணி வெச்சிருந்த 30 கேள்வி லிஸ்ட்டைத் தூக்கி ஓரமா வெச்சுட்டேன். கிளவுடா, ஏ.ஐ. இருக்கா, வாட்ஸ்அப்ல டோக்கன் வருமான்னு எழுதின லிஸ்ட். பேரைத் தட்டினதும் முதல் ஸ்க்ரீன்லயே சிவப்பா வட்டம் தெரியுமா? இதான் முதல் கேள்வி. தெரியலைன்னா டெமோ முடிஞ்சது, காபி சாப்பிட்டுக் கிளம்பலாம்.

ரெண்டாவது கேள்வி நேரம். ஒரு சாயங்காலம் போன்ல ஸ்டாப் வாட்சோட கவுன்டர் பக்கத்துல உட்கார்ந்தேன். மாமா நோட்டுல ஒரு ஆளைப் பதிய 15 செகண்ட்கூட ஆகலை. சாஃப்ட்வேர்ல நான் வேகமா டைப் பண்ணியே ஒரு நிமிஷத்துக்கு மேல. சாயங்காலத்துல 70 பேர் வந்தா, ஆளுக்கு ஒரு நிமிஷம் கூடினாக்கூட 70 நிமிஷம்! பெஞ்சுல உட்கார்ந்திருக்கற கூலிக்காரங்களுக்கு அது கடைசி பஸ்.

'நம்ம ஆளுங்க இதெல்லாம் யோசிக்கலையா?'ன்னு தேடினா, யோசிச்சிருக்காங்க. பிராக்டோ கம்பெனியை 2008-ல ஆரம்பிச்சது சூரத்கல் என்.ஐ.டி. மாணவர்கள் ஷஷாங்க், அபினவ் லால். அப்பாவோட முழங்கால் ஆபரேஷனுக்காக அமெரிக்க டாக்டர்கிட்ட அபிப்பிராயம் கேக்க நினைச்சப்போ, ரெக்கார்டை அனுப்பவே ஷஷாங்க் திண்டாடிப் போனார். அங்கேயிருந்துதான் டாக்டர்களுக்கான சாஃப்ட்வேர் பிறந்தது. சத்தீஸ்கர்ல கனியாரிங்கற கிராமத்துல ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக்னு ஒரு ஆஸ்பத்திரி. அங்கே கவுன்டர், டாக்டர் ரூம், லேப் எல்லாத்தையும் சேர்க்கறதுக்காக தாட்வொர்க்ஸ்காரங்க உருவாக்கினதுதான் 'பாம்னி'. ஓப்பன் சோர்ஸ், லைசென்ஸுக்குக் காசு கிடையாது. அதைப் படிச்சப்போ எனக்குக் கை பரபரத்துச்சு, நானே போட்டுக் கொடுத்துடலாம்னு. ஆனா அது ஆஸ்பத்திரிக்கான வண்டி. ஒத்தை டாக்டர் க்ளினிக்குக்கு பஸ் வாங்கற கதை. அதுவும் போக, ஏழு மணிக்குக் கூட்டம் நிக்கும்போது சர்வர் படுத்துட்டா யார் எழுப்பறது? நான் ஹாஸ்டல்ல இன்டர்னல் எக்ஸாம் எழுதிட்டு இருப்பேன்.

மூணாவது ஆள் 'எங்களோடது மொத்தமா ஃப்ரீ'ன்னார். டாக்டர் முகம் மலர்ந்துச்சு. நான் குறுக்கே விழுந்து ஒரு கதை சொன்னேன், உங்களுக்கும் சொல்றேன். அமெரிக்காவுல பிராக்டிஸ் ஃப்யூஷன்னு ஒரு கம்பெனி, 2005-ல ஆரம்பிச்சாங்க. டாக்டருக்கு இலவசம், வருமானம் விளம்பரத்துல இருந்தும் மருந்துக் கம்பெனிங்க கிட்ட இருந்தும். ஆயிரக்கணக்கான டாக்டர்கள் சேர்ந்தாங்க. 2018-ல இன்னொரு கம்பெனி 100 மில்லியன் டாலருக்கு வாங்கிச்சு. அந்த வருஷமே இலவசம் போய் மாசச் சந்தா வந்துடுச்சு. அதுகூடப் பரவாயில்லைங்க. 2020 ஜனவரியில வெளியே வந்ததுதான் நெஞ்சை அடைச்சுது. டாக்டர் ஸ்க்ரீன்ல 'இந்த நோயாளிக்கு வலி எப்படி இருக்குன்னு கவனிங்க'ங்கற மாதிரி அலர்ட் வரும். போதைக்கு அடிமையாக்கற ஓபியாய்டு மாத்திரை தயாரிக்கற ஒரு கம்பெனிகிட்ட கிட்டத்தட்ட 10 லட்சம் டாலர் வாங்கிட்டு, அந்த அலர்ட்டை அவங்க விற்பனைக்குத் தோதா வடிவமைச்சிருக்காங்க! 145 மில்லியன் டாலர் கட்டி கேஸை முடிச்சாங்க. டாக்டர் கதையைக் கேட்டுட்டு, அந்த ஆளைப் பார்த்து, "தம்பி, உங்களுக்கு யார் சம்பளம் கொடுக்கறாங்க?"ன்னு மட்டும் கேட்டார். பதில் வரலை.

அடுத்தது கரென்ட். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் எங்க மாவட்டத்தைப் புரட்டிப் போட்டப்போ எனக்கு வயசு ஆறு. நாள் கணக்குல கரென்ட் இல்லாததும், மெழுகுவத்தி வெளிச்சமும் நல்லா ஞாபகம் இருக்கு. இத்தனைக்கும் கரென்ட் தயாராகற நெய்வேலி கூப்பிடு தூரத்துல! அதனால இன்டர்நெட் இல்லைன்னா திறக்கவே மாட்டேன்னு சொல்ற சாஃப்ட்வேர் எங்களுக்கு ஆகாது. சின்ன ஊர்னு இல்லை. 2022 நவம்பர் 23-ம் தேதி டெல்லி எய்ம்ஸ் சர்வர்களையே ரான்சம்வேர் முடக்கிப் போட்டுச்சு. பதிவு, பில், லேப் ரிப்போர்ட் எல்லாம் பல நாள் கையாலதான் எழுதினாங்க. ஆக, நோட்டைப் பரண்ல போடக் கூடாதுங்கறதுல மாமாவும் நானும் ஒரே கட்சி.

இதைவிட முக்கியமா நான் நினைக்கறது வெளியே வர்ற வழி. கல்யாண மண்டபம் பார்க்கும்போது கார் வெளியே வர வழி இருக்கான்னு பார்ப்போமில்ல, அதேதான். மெடிக்கல் கவுன்சிலோட 2002 விதிகள் என்ன சொல்லுதுன்னா, பெட்ல சேர்ந்த நோயாளியோட ரெக்கார்டை டாக்டர் 3 வருஷம் வெச்சிருக்கணும். நோயாளி தன் ரெக்கார்டைக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும். ரெக்கார்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்த முயற்சி எடுங்கன்னும் அப்பவே எழுதியிருக்காங்க. ஏத்திட்டு, கம்பெனி கடையை மூடிட்டா? சந்தா கட்டலைன்னு பூட்டிட்டா? ஜிப்மருக்குப் போற அவசரத்துல ஒருத்தர் வந்து நிக்கும்போது, கஸ்டமர் கேருக்கு போன் போட்டு "இரண்டை அழுத்தவும்"னு காத்திருக்க முடியுமா?

அதனால ஒரு பரீட்சை வெச்சோம். கற்பனையா 20 நோயாளிகள். (எல்லார் பேரும் முருகன், வயசு மட்டும் வேற. மாமா ஐடியா!) மூணு சாஃப்ட்வேர்லயும் ஏத்திட்டு, 'மொத்தத்தையும் வெளியே எடுத்துக் கொடுங்க'ன்னு கேட்டோம். ஒருத்தர் ஆளுக்கு ஒரு பி.டி.எஃப்.னு தனித்தனியா எடுத்துக்கங்கன்னார். 20 பேருக்குச் சரி, 20 ஆயிரம் பேருக்கு? இலவச ஆள், அதுக்குத் தனிக் கட்டணம்னார். கிராஃப் காட்டின முதல் ஆள் மட்டும் ஒரே க்ளிக்ல எக்ஸெல்ல திறக்கற மாதிரி கொடுத்தார், வட்டம் போட்ட விவரமும் அதுல இருந்துச்சு. லாஸ்ட் நேம், பிறந்த தேதி கட்டாயத்தை எடுத்துட்டு வெறும் வயசு போட வழி செஞ்சு, அலர்ஜியை முதல் ஸ்க்ரீனுக்குக் கொண்டுவர முடியுமான்னு கேட்டோம். பத்து நாள்ல செஞ்சுட்டு வந்தார். அவரை நான் முதல்ல தப்பா எடை போட்டேன்னு நினைக்காதீங்க, கிராஃப் இப்பவும் எனக்குப் பிடிக்கலை!

ஆபா நம்பர் பத்தியும் கேப்பீங்க. 2021 செப்டம்பர்ல மத்திய அரசு தொடங்கின ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்துல ஆளுக்கு 14 இலக்க நம்பர், விருப்பப்பட்டவங்க எடுத்துக்கலாம். முருகன் பிரச்னைக்கு அது நல்ல மருந்துதான். ஆனா நம்பர் இல்லைன்னு யாரையும் கவுன்டர்ல நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார்.

டெமோக்காரங்க யாருமே பேசாத ஒரு விஷயமும் இருக்கு. மானிட்டர் எந்தப் பக்கம் பார்க்குது? அவங்க வெச்ச இடத்துல வெச்சா, பெஞ்சுல இருக்கற எல்லாருக்கும் ஸ்க்ரீன் தெரியும். சின்ன ஊருங்க... கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு என்ன டெஸ்ட் எழுதினாங்கன்னு ஒருத்தர் பார்த்தா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிடும். 2023-லயே தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் போட்டுட்டாங்க. நாங்க அதுக்கு முன்னாடி மேஜையைத் திருப்பிப் போட்டோம். டாக்டர், மாமா, நர்ஸ் அக்கா மூணு பேருக்கும் தனித்தனி பாஸ்வேர்டு.

டாக்டர் மருந்துச் சீட்டைக் கையாலதான் எழுதுவேன்னு ஒரே பிடி. "உள்ளே நடந்து வர்ற நடையிலயே பாதி வியாதி தெரியும்மா, நான் கீபோர்டைப் பார்த்துட்டு இருந்தா எப்படி?" அவர் கையெழுத்தைப் பார்த்தவங்க இந்த வாதத்தை ஒத்துக்க மாட்டாங்க. மருந்தோட ஜெனரிக் பேரைத் தெளிவா, முடிஞ்சா பெரிய எழுத்துல எழுதச் சொல்லி 2016-லயே கவுன்சில் விதி வந்தாச்சுன்னு ஞாபகப்படுத்தினேன். சுகர், பிரஷர்காரங்களுக்கு மட்டும் பிரின்ட்னு இறங்கி வந்திருக்கார்.

மாமா ஒருநாள் ஷட்டரை இறக்கும்போது, "பாப்பா, இது வந்துட்டா எனக்கு இங்க என்ன வேலை?"ன்னு கேட்டார். நான் பதில் சொல்லாம மறுநாள் டாக்டர்கிட்ட சொன்னேன். அவர் மாமாவைக் கூப்பிட்டு, "நோட்டை யார் ஏத்தறது? நானா? எனக்கு உங்க எழுத்தே புரியாதுய்யா"ன்னார். இப்போ மூணு மாச ட்ரையல் ஓடுது, நோட்டும் கூடவே. மாமா ஒத்தை விரலால டைப் பண்றார், நான் வாரக்கடைசியில வந்து சரிபார்க்கறேன். முதல்ல வட்டம் போட்டவங்க மட்டும். மொத்தம் 61 பேர், 38 ஏத்தியாச்சு. அதுல ஒரு முருகன் மட்டும் டீக்கடையா, கொத்தனாரான்னு மாமாவுக்கே சந்தேகம். ரெண்டு பேர்லயும் இப்போதைக்கு வட்டம் போட்டு வெச்சிருக்கோம், அடுத்த தடவை வரும்போது கேட்டுக்கணும்.