ஒத்த வடிவம் உறவாகுமோ?

இரு மொழிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கக் கண்டால், அவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று உடனே துணிந்துவிடுதல் நம்மவர் பலரது இயல்பு. அத்துணிவு எத்துணை ஆபத்தானது என்பதை உணர்த்துதற்குப் பாஸ்க், உஸ்பெக் என்னும் இரு மொழிகளை ஒப்புநோக்குதலினும் நல்ல வழி பிறிதில்லை என்பது எமது கருத்து.

பாஸ்க் மொழி பிரேனிய மலைத்தொடரின் மேற்குக் கோடியில், ஸ்பானியாவிலும் பிரான்சிலும் வழங்குவது. அதனைப் பேசுவோர் பத்து இலட்சத்துக்கும் குறைந்தோரே. உஸ்பெக் மொழியோ மத்திய ஆசியாவில், தாஷ்கந்து நகரிலும் பெர்கானாப் பள்ளத்தாக்கிலும் சூழவுள்ள நாடுகளிலும் மூன்று கோடிக்கு மேற்பட்டோர் நாவில் நடமாடுவது. இரண்டுக்கும் இடையே ஒரு கண்டமே கிடக்கின்றது.

ஆயினும், இலக்கணத்தைத் திறந்து பார்த்தால் வியப்புண்டாகும். பாஸ்க் மொழியில் 'எச்செ' என்பது வீடு. 'எச்செயன்' என்றால் வீட்டில். 'எச்செத்திக்' என்றால் வீட்டிலிருந்து. உஸ்பெக்கில் 'உய்' என்பது வீடு. 'உய்தா' என்றால் வீட்டில். 'உய்தான்' என்றால் வீட்டிலிருந்து. 'உய்லாரிமிஸ்தா' என்றால் எங்கள் வீடுகளில். பின்னதிலே 'லார்' பன்மை, 'இமிஸ்' எங்கள், 'தா' இடப்பொருள். சொல்லின் பின்னே உருபுகளை மணிபோற் கோத்துச் செல்லும் இம்முறை தமிழ் மாணவனுக்குப் புதிதன்று. இரு மொழிகளிலும் வினை பெரும்பாலும் வாக்கிய இறுதியிலே நிற்கும். பெயர்ச்சொற்களுக்கு ஆண்பால் பெண்பால் என்னும் இலக்கண வேறுபாடும் இல்லை.

இனி எண்ணுப் பெயர்களை நோக்குவோம். ஐந்து என்பதற்குப் பாஸ்க்கில் 'போஸ்த்', உஸ்பெக்கில் 'பெஷ்'. இதோ உறவு என்று கூவத் தோன்றும். ஆனால் இரண்டு, மூன்று, நான்கு என்பன பாஸ்க்கில் 'பி, ஹிரு, லவு'. உஸ்பெக்கில் 'இக்கி, உச், தோர்த்'. ஐந்தில் மட்டும் ஒலி ஒத்தது தற்செயலே.

மெய்யான உறவு வேறு வகையாகத் தன்னை அறிவிக்கும். துருக்கியர் கல்லைத் 'தாஷ்' என்பர். தலையைப் 'பாஷ்' என்பர். பனியைக் 'கார்' என்பர். உஸ்பெக்கியர் முறையே 'தோஷ்', 'போஷ்', 'கோர்' என்பர். ஆகாரம் நின்ற இடத்தில் ஓகாரம் ஒழுங்காக வருதல் காண்க. தமிழில் பால், பல், பத்து என்பன கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து என வருதலும் இத்தகையதே. இவ்வொழுங்கே உறவுக்குச் சான்று. உஸ்பெக்குக்கு இத்தகைய உறவினர் பலர். பாஸ்க்கோ தனிமொழி, உரோமர் காலத்துக் கல்வெட்டுக்களிற் காணும் அக்குவித்தானிய மொழிப் பெயர்கள் தவிர, அதற்கு உறுதியான உறவெதுவும் அறியப்படவில்லை.

கடன் வாங்கிய சொல்லும் உறவாகாது. புத்தகத்தைப் பாஸ்க்கியர் 'லிபுரு' என்பது இலத்தீன் வழி வந்தது. உஸ்பெக்கியர் 'கிதோப்' என்பது அரபு வழி வந்தது. அண்டை வீட்டிற் கடன் வாங்கிய சுளகு நம்மை அவ்வீட்டுப் பிள்ளைகளாக்கி விடுமா?

உள்ளே நுழைந்தால் இரு மொழிகளின் நெஞ்சமும் வேறென்பது தெளிவாகும். 'மனிதன் புத்தகத்தை வாசித்தான்' என்பதில் உஸ்பெக்கு, தமிழைப் போலவே, புத்தகத்துக்கு உருபு சேர்க்கும். பாஸ்க் மொழி புத்தகத்தை வாளா விட்டு, மனிதனுக்கே உருபு சேர்த்துக் 'கிசொனாக்' என்னும். அவன் வந்தான் என்று மட்டும் கூறுமிடத்து அவ்வுருபு நீங்கிக் 'கிசொனா' என்றாகும். செயலைப் பிறிதொன்றன்மேற் செலுத்துபவனையும், வெறுமனே வருபவனையும் வேறாகக் காண்கின்றது அம்மொழி.

அறிஞரும் புறவடிவைக் கண்டு மயங்கியதுண்டு. 1854 இல் மாக்ஸ் முல்லர் துருக்கிய மொழிகளையும் தமிழையும் 'துரானியம்' என்னும் ஒரே கூரையின்கீழ் வைத்தார். 1856 இல் கால்டுவெல் திராவிட மொழிகளைச் சித்திய இனத்தோடு இணைக்க விழைந்தார். இவ்விணைப்புக்களை இன்று அறிஞர் ஏற்பதில்லை. திராவிடம் தனிக்குடும்பமென்றே கொள்வர்.

இதனை வகுப்பிற் கூறும்போது மாணவர் சிலர் முகம் வாடுவதைக் கண்டிருக்கின்றோம். தொலைதூரத்திலே தமிழுக்குச் சுற்றம் இருப்பின் தமிழின் பெருமை கூடும் என்பது அவர் எண்ணம். சுற்றமே இல்லாத பாஸ்க்கை அவர் நினைத்தல் வேண்டும். 1939 முதல் 1975 வரை நிலவிய பிராங்கோவின் ஆட்சியில், அம்மொழி பொதுவாழ்விலிருந்து ஒதுக்கி ஒடுக்கப்பட்டது. பெற்றோரும் ஆசிரியரும் மறைவாகச் சிறு பள்ளிகள் நடத்திக் குழந்தைகளுக்கு அதனை ஊட்டினர். 1968 இல் பொது எழுத்து வழக்குக்கு அடிகோலினர். 1979 இல் ஸ்பானியாவின் பாஸ்க் தன்னாட்சிப் பகுதியில் அது ஆட்சிமொழியாயிற்று. அதைக் காத்தது பழம்பெருமையன்று. வீட்டிலே பேசிய நா.

பாஸ்க்கியர் தம்மை 'எவுஸ்கால்துன்' என்பர். அம்மொழியை உடையவன் என்பதே அதன் பொருள். குருதியைச் சுட்டாது மொழியையே சுட்டி நிற்கும் பெயர் அது. நம் பிள்ளைகள் தமிழுக்கு உறவு தேடிக் கண்டம் கண்டமாக அலைய வேண்டுவதில்லை. தமிழை உடையவராய் இருப்பாராயின் அதுவே போதும்.