நமக்குச் சிக்கன் இருக்கா?

ஃபுட்ஸ்கிரே மெல்பர்னுக்கு மேற்கே இருக்கிறது. ஸ்டேஷனில் இறங்கி ஹாப்கின்ஸ் தெருவுக்குள் நுழைந்தால் காலை ஒன்பது மணிக்கே அந்த வாசனை வந்துவிடும். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, நெருப்பில் சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், எல்லாவற்றுக்கும் அடியில் இரவு முழுக்கக் கொதித்த மாட்டெலும்பு. முதல்முறை அங்கே நடந்தபோது எனக்குப் பசிக்கவில்லை, பயம்தான் வந்தது. யாரோ ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

வியாசர்பாடியில் இருந்தவரைக்கும் எங்களுக்கு ஜன்னல் ஒரு பிரச்சினையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்க ஒரே வாசனை. நான் ஏழாவது படிக்கும்போது அப்பாவுக்கு வேலை மாறி, அம்பத்தூர் பக்கம் வாடகைக்குப் போனோம். கீழே ஹவுஸ் ஓனர், மாடியில் நாங்கள். அம்மா பழைய ஏரியாவுக்கு பஸ் ஏறிப் போய்க் கறி வாங்கி, இரண்டு கவர் போட்டு, மேலே கீரைக்கட்டை வைத்து எடுத்துவருவார். அடுப்பில் ஏற்றும்முன் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியாகணும். பட்டையும் கிராம்பும் ரெண்டு மடங்கு விழும். "யாராச்சும் கேட்டா மட்டன்னு சொல்லு." சாப்பிட்ட எலும்பை வீட்டுக் குப்பையில் போட முடியாது. அப்பா நியூஸ்பேப்பரில் சுற்றி ராத்திரி வண்டியில் கொண்டுபோய் எங்கேயோ போட்டுவிட்டு வருவார். எங்கே என்று நான் கேட்டதில்லை.

நான் வழக்கமாகப் போகும் ஃபோ கடையில் அலங்காரம் என்று எதுவும் கிடையாது. டியூப்லைட், துடைத்துத் துடைத்து வெளுத்த மேசை, பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் நகர்ந்து இடம் கொடுக்க வேண்டியதுதான். உட்கார்ந்ததும் கேட்காமலே டீ வரும். முளைகட்டிய பயறு, துளசி மாதிரி ஒரு இலை, எலுமிச்சைத் துண்டு, மிளகாய் எல்லாம் ஒரு தட்டில் வரும். ஐந்து நிமிடத்தில் பவுல். (ஃபோ என்று எழுதுகிறேனே தவிர அவர்கள் சொல்வது அப்படி இல்லை. ஏறத்தாழ 'ஃப' என்று ஆரம்பித்து, கீழே இறங்கி, கேள்வி கேட்பதுபோல மேலே ஏறும். நான் சொன்னால் சிரிப்பார்கள். நம்பரைச் சொல்லிவிடுவது உத்தமம்.)

சுவரில் பெரிய மெனு, படங்களோடு. தாய் என்றால் பச்சையாகவே மெல்லிசாகச் சீவிப் போடும் கறி, கொதிக்கும் சாறு மேலே விழுந்ததும் பவுலிலேயே வெந்துவிடும். நாம் என்றால் வயிற்றோரக் கறி. கன் என்றால் ஜவ்வு. சாக் என்பது ஏடு ஏடாகப் பிரியுமே, அந்த வயிற்றுப் பகுதி. வியட்நாமிய மொழியில் புத்தகத்துக்கும் அதே சொல்தான். பக்கத்து மேசைத் தாத்தா தனக்கு ஜவ்வு கூட வேண்டும் என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்கிறார். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த மெனுவை போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "எல்லாத்துக்கும் பேர் எழுதி மாட்டி வெச்சிருக்கானா?" என்று மட்டும் கேட்டார்.

ஃபோ பழங்காலத்துச் சாப்பாடு இல்லை. வியட்நாமின் வடக்கே, ஹனோய், நாம் தின் பக்கம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. அதுவரை அங்கேயும் மாடு பெரும்பாலும் உழவுக்குத்தான். பிரெஞ்சுக்காரர்கள் வந்து கறி கேட்டார்கள், கறி அவர்களுக்குப் போனது, எலும்பும் மிச்சமும் தெருவில் விற்பவர்கள் கைக்கு வந்தது. 1954இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் தெற்கே போனார்கள், கூடவே ஃபோவும் போனது. அந்த இலைத் தட்டும் ஹாய்சின் சாஸும் தெற்கத்திக்காரர்கள் சேர்த்தது. 1975க்குப் பிறகு படகேறியவர்களோடு ஃபுட்ஸ்கிரே வரைக்கும் வந்துவிட்டது. மிச்ச எலும்பை என்ன செய்வது என்று யோசித்த கைகளை எனக்குத் தெரியும். என் ஆயாவும் அதே எலும்பைத்தான் வேகவைத்தார். அதற்குக் கடை வைக்கலாம் என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் வாயைப் பொத்தியிருப்பார்.

கடைக்கார அம்மாவை எல்லோரும் 'கோ' என்று கூப்பிடுவார்கள். அப்பாவின் கூடப்பிறந்தவளுக்கான சொல்லாம், நம்ம அத்தை. நான் சனிக்கிழமை தவறாமல் போவேன். ஆறு மாதத்தில் என் நம்பரைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. எல்லாம் கலந்த ஸ்பெஷல், பெரிய பவுல், ஜவ்வு கொஞ்சம் தூக்கலாக.

போன குளிர்காலத்தில் ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேர் ஃபுட்ஸ்கிரேவுக்குக் காய்கறி வாங்க வந்தார்கள். எல்லோரும் நம்மூர்தான். மழை. "சூடா ஏதாச்சும் சாப்பிடலாம்டா" என்று அவர்களே அந்தக் கடைக்குள் நுழைந்துவிட்டார்கள். அதில் மூத்தவர், எனக்கு இங்கே முதல் வேலைக்கு சிபாரிசு செய்தவர், சுவரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் பீஃபா இருக்கே. நமக்குச் சிக்கன் இருக்கா பாரு."

எங்களுக்கு என்று அவர் சொல்லவில்லை, நமக்கு என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் நாலு சிக்கன் சொன்னேன்.

கோ என்னைப் பார்த்தார். ஏதோ பேசாமல் போனார். கொஞ்ச நேரத்தில் மூன்று சிக்கன் பவுல்களும் என் ஸ்பெஷலும் வந்தன. சாக் ஏடுகள் மேலே மிதந்துகொண்டிருந்தன. மூன்று பேரும் என் பவுலையே பார்த்தார்கள். "நோ, நோ, ராங் டேபிள்" என்றேன். எனக்கே அந்நியமாக இருந்தது அந்தக் குரல். அவர் "ஸாரி, ஸாரி" என்று பவுலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். தப்பு செய்தது நான், ஸாரி கேட்டது அவர்.

விஷயம் அதோடு முடியவில்லை. பல கடைகளில் சிக்கன் ஃபோவுக்குத் தனியாகக் கோழிச்சாறு வைப்பார்கள். சிலர் வைப்பதில்லை. இந்தக் கடையின் சமையல்கட்டில் இருப்பது ஒரே ஒரு பானை என்பது ஆறு மாதமாக எனக்குத் தெரியும். மூத்தவர் இரண்டு கையாலும் பவுலைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். "செம்ம டேஸ்ட்டா இருக்கு, நம்ம ஊர் மசாலா மாதிரியே." சொல்லியிருக்க வேண்டும். அவர் மாட்டைத் தொடாதது அவர் நம்பிக்கை, அதை ஏமாற்ற எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி 'உனக்கு எப்படித் தெரியும்?' என்றுதான் வரும். நான் கீழே பார்த்துக்கொண்டு கோழியைத் தின்றேன். கீழ் வீட்டு ஓனரம்மா படியில் நிற்கும்போது அம்மா எப்படிச் சாப்பிடச் சொல்வாரோ, அப்படி. சத்தம் வராமல்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையின் லிங்கை அனுப்புவதாக இருக்கிறேன். அண்ணா, மன்னிச்சிடுங்க.

அடுத்த இரண்டு சனிக்கிழமை அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாவது வாரம் போனேன். டீ வந்தது. கோ பென்சிலோடு வந்து நின்றார். இத்தனை நாளில் என்னிடம் பென்சிலோடு அவர் வந்ததேயில்லை.

"சிக்கன்?" என்றார்.

தலையை ஆட்டினேன், இல்லை என்று. சுவரைக் காட்டி நம்பரைச் சொன்னேன். ஜவ்வு கூடப் போடச் சொன்னேன், சத்தமாகவே. பக்கத்து மேசையில் யாரோ நம்மூர் முகம் ஒன்று திரும்பியது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் எழுதிக்கொண்டே, "ஃபிரெண்ட் கம்மிங்?" என்று கேட்டார்.

"நோ. டுடே ஒன்லி மீ" என்றேன்.