முதல் போன் எனக்கு வேண்டாம், அம்மா

ரொம்ப நாளாச்சு இங்கே எழுதி. ஆடிட், கணக்கு முடிப்பு என்று ஆபீசில் ஆணி ஜாஸ்தி. போன வாரம் கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர், ஊரில் அவர் அப்பா போனில் ஏமாந்த கதையைச் சொன்னார். எங்கள் வீட்டுக் கதையையும் எழுதிவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. 2023இல் நடந்தது. "பேங்க் ஆபீசர் வீட்டிலேயே இப்படியா?" என்று சிரிப்பீர்களே என வெட்கப்பட்டு இத்தனை நாள் மூடி வைத்திருந்தேன்.

எங்கள் ஊர் குடிபாலா. சித்தூரிலிருந்து வேலூர் போகும் ரோட்டில், ஆந்திர எல்லை முடிவதற்குக் கொஞ்சம் முன்னால். 1953இல் ஆந்திரா தனி மாநிலம் ஆகும்வரை சித்தூர் ஜில்லா மெட்ராஸ் மாநிலத்தில்தான் இருந்தது. கோடு மாறியது, எங்கள் வீட்டுப் பேச்சு மாறவில்லை. அம்மாவுக்கு வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு. தெலுங்கு எழுத்து படிக்கத் தெரியாது. கையில் இருப்பது பட்டன் போன். அப்பா போன பிறகு அந்த வீட்டில் அம்மா தனியாகத்தான் இருக்கிறார். நான் சிங்கப்பூரில்.

அன்றைக்குக் காலை பத்து மணிக்குமேல் ஒருவன் கூப்பிட்டிருக்கிறான். "அம்மா, பேங்க்லேர்ந்து பேசறேன்மா. சாப்டீங்களா?" என்று நல்ல தமிழில் ஆரம்பித்தானாம். அம்மாவுக்குச் சந்தோஷம். கிளைக்குப் போனால் தெலுங்கு, போன் போட்டால் மெஷின் குரல். முதல் தடவையாக பேங்க் தமிழில் பேசுகிறது! கேஒய்சி முடிந்துவிட்டது, கணக்கு நின்றுவிடும் என்றான். கார்டு எண்ணைக் கேட்டான், சொன்னார். வந்த ஓடிபியைக் கேட்டான், அதையும் சொன்னார். கடைசியாக நட்சத்திரம், 401, அப்புறம் ஒரு மொபைல் எண் என்று வரிசையாகச் சொல்லி அழுத்தச் சொன்னான். அதையும் அழுத்தினார்.

10.40க்கு 18,000 ரூபாய் போனதாக மெசேஜ். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். உடனே எனக்கு போன் செய்தார். இங்கே மணி 1.10. நான் மீட்டிங்கில், போன் சைலண்டில். ஆறு மிஸ்டு கால். நடுவில் ஒரு தடவை பாஸ்புக்கில் இருந்த பேங்க் எண்ணையும் போட்டிருக்கிறார். தெலுங்குக்கு ஒன்று, இந்திக்கு இரண்டு, இங்கிலீஷுக்கு மூன்று. தெலுங்கை அழுத்தினால் சந்தைத் தெலுங்கு இல்லை, கவர்ன்மென்ட் தெலுங்கு. புரியாமல் வைத்துவிட்டார். என் போனுக்காகக் காத்திருந்தார்.

11.30க்கு இன்னொரு 24,000 போனது.

11.50க்கு நான் திருப்பிக் கூப்பிட்டேன். எடுத்தது ஒரு ஆண் குரல். "யாரு?" என்றது. ராங் நம்பர் என்று வைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே குரல். வயிற்றில் புளியைக் கரைத்தது. அந்த 401 என்பது, நமக்கு வரும் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் குறியீடு. ஓடிபியை மெசேஜில் மட்டுமல்ல, போன் செய்து குரலிலும் சொல்லும் வசதி உண்டு. இரண்டாவது ஓடிபி அப்படித்தான் நேராக அவன் காதுக்குப் போயிருக்கிறது. என் போனும் அவனிடமே போனது!

பக்கத்து வீட்டுப் பையனைப் பிடித்து, அவன் போனில் பேங்குக்கும், பிறகு 1930க்கும் சொல்லிக் கார்டை நிறுத்தும்போது 12.05. "நைனா, உனுக்கு ஆறு தபா போட்டேன்" என்றார் அம்மா. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பணம் திரும்பவில்லை. பேங்க் எழுதிய பதிலைப் படித்தேன். நானே மேசைக்கு அந்தப் பக்கம் இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பவன். நான் எழுதியிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

அன்றைக்கு நடப்பில் இருந்தது 2017 ஜூலை 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி கொடுத்த சுற்றறிக்கை. நம் தப்பும் இல்லாமல், வங்கித் தப்பும் இல்லாமல், நடுவில் யாரோ திருடினால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. ஆனால் ரகசிய எண்ணை நாமே சொல்லிக் கொடுத்திருந்தால், வங்கிக்குப் புகார் சொல்லும் நிமிஷம்வரை போனது நம் நஷ்டம். சொன்ன பிறகு போவது வங்கியின் நஷ்டம். அதாவது 18,000 அம்மா ஓடிபியைச் சொன்னதற்கு. 24,000? அம்மா எனக்காகக் காத்திருந்ததற்கு. அதை ஜீரணிக்கத்தான் எனக்கு இத்தனை நாள் ஆனது.

சிங்கப்பூர் மட்டும் என்ன வாழுதாம்? 2024 டிசம்பர் 16இல் வங்கியும் தொலைபேசி நிறுவனமும் நஷ்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இங்கே வந்தது. போலி இணையதளத்தில் ஏமாந்தால் அதில் வழி உண்டு. போனில் வாயால் சொல்லிவிட்டால் அதற்குள் வராது. எந்த ஊரானாலும் வாயிலிருந்து போனது போனதுதான்.

நமக்கு உரிமையும் இருக்கிறது. அதே சுற்றறிக்கைப்படி, திருட்டைச் சொல்ல 24 மணி நேரமும் வங்கி போன் வழி திறந்திருக்க வேண்டும். சொன்னவுடன் புகார் எண் தர வேண்டும். தப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பாரமும் வங்கிக்கே. அம்மா பேங்குக்குப் போட்ட அந்த ஒரு போன் ஏன் கணக்கில் வரவில்லை? புகார் எண் இல்லை, அதனால் புகாரே இல்லை. எல்லை ஊரில் இருக்கும் கிளைக்குத் தமிழில் ஒரு பட்டன் வைக்கச் சொல்லி எழுதிப் போட்டேன். திருடனுக்குத் தெரிந்த தமிழ் மெஷினுக்குத் தெரியாதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை :-)

401 விஷயத்தில் அரசும் விழித்தது. குறியீடு அழுத்தி அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. சந்தேகம் வந்தால் ##002# அழுத்துங்கள், திருப்பிவிட்டதெல்லாம் ரத்தாகும்.

ஊரில் பெற்றோர் இருக்கிறவர்கள் இந்த வாரமே செய்ய வேண்டியது இதுதான். வங்கியின் எண்ணையும் 1930ஐயும் பெரிய எழுத்தில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். வங்கிக் குரல் புரியாவிட்டால் பக்கத்து வீட்டில் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு பெயரை முடிவு செய்யுங்கள். புகார் எண்ணை எழுதி வைக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, "முதல் போன் எனக்கு வேண்டாம்" என்று நீங்களே சொல்லுங்கள். 1930 போன்ற குறுகிய எண்கள் வெளிநாட்டிலிருந்து போகாது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்து, பதறுவதைத் தவிர நாம் ஒன்றும் கிழிக்க முடியாது.

இதை அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "ஏன் நைனா, உனுக்குத் தொந்தரவா?" என்று கேட்டுவிட்டார். விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

போன மாசம் ஒரு நாள் சாயங்காலம் பேசும்போது, தோட்டத்து மாங்காய்க் கதையெல்லாம் முடித்துவிட்டுச் சொன்னார்: "காத்தால எவனோ பேங்க்னு போட்டான். வெச்சிட்டேன். கெளைக்கும் போய்ச் சொல்லிட்டு வந்தேன். உனுக்கு அப்புறமா சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே லேசாக ஒரு வலியும்.

டிஸ்கி: விதிகள் அவ்வப்போது மாறும். உங்கள் வங்கியில் இன்றைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதும் உரிமைதான்.