பில் இல்லாத பச்சைக்கிளி

2024 ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை, ஆழ்வார்பேட்டையில் என் வீட்டு முன்னறையிலேயே இருக்கும் ஆபீசுக்கு எழுபதைத் தாண்டிய ஒருவர் வந்தார். எல்டாம்ஸ் சாலைப் பக்கம் ஃபிளாட். உயிலோ பாகப்பிரிவினையோ என்று நினைத்துக் காகிதத்தை எடுத்தேன். அவர் பையிலிருந்து எடுத்து வைத்தது ஒரு தீனிப் பட்டியல். "காலை: கொய்யா, மாதுளை. அவகாடோ கூடவே கூடாது" என்று முத்து முத்தான கையெழுத்து.

மாடி ஃபிளாட்காரர் மகளோடு இருக்க கனடா போகிறாராம். அவரிடம் இரண்டு ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகள். சும்மாவே தருகிறேன் என்கிறார்.

"எடுத்துக்கலாமா, வக்கீல் சார்? எழுதி வாங்கிக்கணுமா?"

"கிளி வளர்த்துப் பழக்கம் உண்டா?"

"பதினோரு வருஷமா ஒண்ணு இருக்கே! நம்ம பச்சைக்கிளிதான். தென்னமரத்துலேர்ந்து குஞ்சா விழுந்தது, எடுத்து வளர்த்தேன்" என்றார் பெருமையாக.

பேனாவை மூடி வைத்தேன்.

வெளிநாட்டுக் கிளிக்குத்தான் சட்டம், காசுள்ளவன் சமாச்சாரம் என்று நம்மில் பலருக்கு எண்ணம். நடப்பு வேறு. பல்லாயிரம் கொடுத்து வாங்கும் ஆப்பிரிக்கக் கிளியைப் பதிவு செய்துவிட்டு வீட்டில் வைத்துக்கொள்ளலாம். கோயில் கோபுரத்தில் கூடு கட்டும் நம் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்தால் குற்றம். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் பொருந்தும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அது இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அடிபட்டுக் கையில் கிடைத்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ சொல்லியாக வேண்டும். இவர் சொல்லாமல் விட்டது பதினோரு வருடம்.

"அன்பாத்தானே வளர்த்தேன்?"

தண்டனையைக் குறைக்கச் சொல்லி வாதாடும்போது அதைச் சொல்லலாம். குற்றமே இல்லை என்பதற்கு உதவாது. பேப்பர் படிப்பவர்தான். 2023 பிப்ரவரியில் வளசரவாக்கத்தில் ஒரு நகைச்சுவை நடிகர் வீட்டிலிருந்து இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறை எடுத்துப்போனதும், இரண்டரை லட்சம் கட்டவைத்ததும் அவருக்கு ஞாபகம் இருந்தது. 2024 ஏப்ரலில் கடலூரில் பா.ம.க. வேட்பாளர் தங்கர் பச்சானுக்கு வெற்றி என்று சீட்டெடுத்த கிளி, அதன் ஜோசியரை வனத்துறையிடம் மாட்டிவிட்ட கதையும் தெரிந்திருந்தது. (வேட்பாளர் தோற்றார் என்பது தனி.) ஆனால் அதெல்லாம் நடிகர், ஜோசியர் விவகாரம், தன் பால்கனி அதில் சேராது என்று இருந்துவிட்டார்.

சாம்பல் கிளிகளின் கதை இன்னொரு தினுசு. அருகிவரும் உயிரினங்களுக்கான சர்வதேச வணிக ஒப்பந்தத்தில் 2017-லிருந்து அவை உச்சக்கட்டப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. 2024 பிப்ரவரி 28-ல் வந்த விதிகளின்படி, வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய அப்போது ஆறு மாதம் அவகாசம் இருந்தது. குஞ்சு பொரித்தாலும், செத்தாலும், கை மாறினாலும் எழுத வேண்டும். கடைகளில் நாம் பார்க்கும் லவ் பேர்ட்ஸிலும் காக்கட்டீலிலும் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. மாடிக்காரர் எதுவும் பதியவில்லை. கடைக்காரர் சொன்ன "எல்லாம் லீகல் சார்" ஒன்றுதான் அவரிடம் இருந்த ஆவணம். முதலில் அவர் தன் பெயரில் பதியட்டும், பிறகு கைமாற்றத்தைப் பேசலாம் என்றேன்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். சாம்பல் கிளிகளைப் பழக்குவதற்காக இரண்டு நாளாக இவர்கள் ஹாலிலேயே வைத்திருந்தார்கள். குக்கர் மூன்று விசில் அடித்தது. மாமி அடுப்பை அணைக்க ஓடினார். அடுப்பில் எதுவும் இல்லை. சிவப்பு வால் கிளி தலையைச் சாய்த்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சோபா முழுக்க வெள்ளையாக, முகப்பவுடர் கொட்டினாற்போல் தூள். அந்த இறகுத் தூள் இந்த இனத்தோடு பிறந்தது. மாமிக்கோ வீசிங்.

"இதுக்கு ஆயுசு எவ்வளவு?"

"நல்லா வளர்த்தா நாப்பது, அம்பது வருஷம் கூட இருக்கும், மாமி."

மாமி கணவரைப் பார்த்தார். "உயில்ல எழுதிடலாமே" என்றார் அவர். எழுதலாம்தான், வளர்ப்புப் பிராணி சட்டத்தின் கண்ணில் சொத்து. ஆனால் வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். பெங்களூர் மகனுக்கு அங்கேயே போன் போட்டார். "வேண்டாம்ப்பா" என்ற குரல் எனக்கே கேட்டது.

அத்தோடு சாம்பல் கிளிகள் மாடிக்குத் திரும்பின. மாடிக்காரர் அவகாசத்தின் கடைசி வாரத்தில் விண்ணப்பித்துவிட்டுத் தம்பி வீட்டில் விட்டுப் போனதாகக் கேள்வி.

பச்சைக்கிளிக்குத்தான் என் வேலை. இரண்டு பக்கத்தில் ஒரு மனு: எப்போது கிடைத்தது, எப்படி வளர்த்தது, தானாக முன்வந்து ஒப்படைப்பது. கூண்டின் மேல் ஈரிழைத் துண்டைப் போர்த்தி ஆட்டோவில் கிண்டி வனத்துறை அலுவலகத்துக்குப் போனோம். வழியெல்லாம் அது "காபி ஆச்சா" என்று கேட்டபடி வந்தது. வன அலுவலர் ஒருவர் சிறகை விரித்துப் பார்த்து, இது இனி மரத்துக்குப் போகாது, மற்றவற்றோடு பெரிய கூண்டில் விடுவோம் என்றார். மூன்று இடத்தில் கையெழுத்து. வழக்குப் போடவில்லை. இவர் சட்டைப் பையிலிருந்து நாலு பச்சைமிளகாயை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார். பீஸ் பற்றி நானும் பேசவில்லை.

அக்டோபரில் இவரிடமிருந்து போன் வந்தது. ராயப்பேட்டை பாரதி சாலையில் கேமரா பழுதுபார்த்து வந்த சேகர் மொட்டை மாடியில் பலகை அடித்து அரிசி வைக்க, ஆயிரக்கணக்கில் கிளிகள் வந்தது ஊரறிந்த சேதி. அதைக் கேட்டு இவரும் ஆரம்பித்திருக்கிறார்.

"ஊறவெச்ச அரிசி போடறேன். ஏழெட்டு வருது. இதுக்கு ஏதாவது பதியணுமா?"

"வேண்டாம் சார். பிடிக்காம இருந்தா போதும்."

"ஒண்ணு தினமும் வருது. பேர் வெக்கலாமோ?"

சட்டத்தில் தடையில்லை என்றேன்.