வில்லையும் வெயிலும்

பின்புறத்திலிருந்து ஒளியை எறிந்து படங்காட்டிய பெருந்திரைத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் காலம், அமெரிக்காவைப் பொறுத்தவரை, மிற்சுபிசி நிறுவனம் அவற்றைக் கைவிட்ட 2012 ஆம் ஆண்டுடன் முடிந்தது. அலுமாரி போன்ற அப்பெட்டிகள் அங்கே தெருவோரங்களுக்கு வந்தன. அவற்றைத் தேடித் திரிவோரும் தோன்றினர். அவர்கள் நாடியது படக்குழாயையன்று. திரையோடு சேர்த்துப் பொருத்தப்பட்ட, நுண்ணிய வட்டங்கள் வரிவரியாய்க் கீறிய ஒரு பிளாத்திக்குத் தகட்டையே.

அத்தகடு ஒரு வில்லை. குவிவு வில்லையில் ஒளியை முறிப்பது மேற்பரப்பின் வளைவேயன்றி நடுவிலுள்ள தடிப்பன்று. தடிப்பை நீக்கி வளைவை மட்டும் வளையம் வளையமாக அமைக்கலாம் என்ற எண்ணத்தைப் பிரான்சியப் பௌதிகவியலாளர் ஒகுஸ்தீன் பிரெனெல் கலங்கரை விளக்குக்குப் பயன்படுத்தினார். 1823 இல் கோர்துவான் கலங்கரையில் ஏறி மாலுமிகளுக்கு வழிகாட்டிய அமைப்பே பின்னர் வரவேற்பறைக்குள் புகுந்தது.

பெட்டிக்குள் அதன் தொழில் சாதுவானது. உள்ளிருந்து விரிந்து வரும் கதிர்களை அது சமாந்தரமாக்கிப் பார்ப்போர் பக்கம் அனுப்பும். ஆனால் ஒளி சென்ற வழியே மீளவும் வல்லது. கழற்றி வெயிலிற் பிடித்தால், ஞாயிற்றின் சமாந்தரக் கதிர்கள் குவியத்திற் கூடுகின்றன. ஒரு சதுர மீற்றர்ப் பரப்பில் உச்சிவெயில் சொரிவது ஏறத்தாழ 1000 உவாற்று. அதிற் பெரும்பகுதி ஒரு நாணயமளவு இடத்தில் விழும்போது மரம் நொடியிற் பற்றுகின்றது. 1982 க்குப் பின் அடித்த அமெரிக்கச் சதக்காசு பெரிதும் நாகமாதலால், 420 பாகை செல்சியசு அளவில் உருகி ஓடுகின்றது. இவ்வேடிக்கைக்காகவே தகட்டைக் கழற்றுவோர் பலர். சூரிய அடுப்பு அமைப்போர் சிலர். பின்னவர் முயற்சி பாராட்டத்தக்கது.

சூரியகாந்தக் கல்லையும் பஞ்சையும் திருமூலர் உவமையாக எடுத்தாள்கின்றார். ஞாயிறு முன்னிற்கும்போதே அக்கல் சுடும். அவர் பேசியது குருவின் சந்நிதியை. எனினும் இத்தகட்டின் இயல்பும் அதுவே.

கறுப்புக் கண்ணாடி அணிந்து, தகட்டை இருகையாலும் பற்றி நிற்பவனுக்கு நேரும் ஆபத்து ஓரளவே. அவன் விழிப்பாயிருக்கிறான். வேலை முடிந்து, தகட்டை வேலியிற் சாய்த்துவிட்டு அவன் உணவுக்குச் சென்ற பின்னரே உண்மையான ஆபத்து தொடங்குகின்றது. வெற்று வெளியில் குவியம் கண்ணுக்குத் தோன்றாது. ஏதேனும் ஒரு பொருள் குறுக்கிட்டாலன்றி அது இருப்பதே தெரியாது. ஞாயிறோ மணிக்கு 15 பாகை நகர்கின்றது. காலையில் வெறுந்தரையில் விழுந்த குவியம் மாலையில் சருகுக் குவியலையோ பலகைச் சுவரையோ எட்டலாம். யன்னலோரம் வைத்தாலும் இதே கதிதான். தகட்டின் குணத்தைக் கழற்றியவன் அறிவான். முற்றத்தில் விளையாடும் பிள்ளைக்கு அது வெறும் பிளாத்திக்கு.

ஒளிபுகாத் தடித்த துணியால் மூடி, வெயில் நுழையாத அறையில் வைப்பதே முறை. பொலித்தீன் உறை பயன்படாது. உடைத்தெறிந்தால் தொல்லை தீரும் என்பதும் தவறு. உடைந்த ஒவ்வொரு துண்டும், வெப்பம் குறைந்தாலும், தன் பங்கு ஒளியைப் பழைய குவியத்துக்கே அனுப்பும். எனவே குப்பைக்கு அனுப்புமுன் இருபுறமும் கறுப்பு மை பூசிவிட வேண்டும்.