தட்டில் அடங்காத சீர்

தொட்டியம் கடைவீதி. ஆவணிக் கடைசி வெள்ளி. வாழைத்தார் ஏற்றிய லாரி நகரும் வரை ஒரு மொபெட் காத்து நிற்கிறது. ஓட்டுபவர் தாய்மாமன். பின்னால் அவர் அம்மா, மடியில் துணிப்பை. பைக்குள் பழைய கல்யாணப் பத்திரிகை. அதன் பின்பக்கத்தில் சீர்ப்பட்டியல்.

ஞாயிறன்று மஞ்சள் நீராட்டு. பெண்ணுக்கு வயது 13. எட்டாம் வகுப்பு.

பாத்திரக்கடை. எவர்சில்வர் தட்டுகள் அடுக்கடுக்காக.

"இருபத்தொண்ணு போதும்மா."

"அவ பெரியப்பா மகளுக்கு அம்பத்தொண்ணு வந்துச்சு."

கடைக்காரர் இருவரையும் பார்க்கிறார். 31 எண்ணி வைக்கிறார். யாரும் மறுக்கவில்லை.

நகைக்கடை. ஒரு ஜோடி ஜிமிக்கி. தராசில் 4.120. மாமன் எண்ணைப் பார்க்கிறார், சுவரில் எழுதிய கிராம் விலையைப் பார்க்கிறார், ஜிமிக்கியைத் தள்ளி வைக்கிறார். அடுத்த ஜோடி. 2.980. பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார். இணை இல்லாத ஒற்றைக் கம்மல். தராசுக்காரர் அதை உரசிப் பார்க்கிறார். முதல் ஜோடி திரும்ப வருகிறது.

புடவைக்கடை. அரக்கா, மாம்பழ மஞ்சளா? வீடியோ கால். திரையில் நாலைந்து தலைகள். அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா. அரக்கு என்கிறது ஒரு குரல். பச்சை என்கிறது இன்னொன்று. பெண்ணின் முகம் ஓரத்தில் பாதி தெரிகிறது. அரக்கு முடிவாகிறது. தலைகள் விலகுகின்றன.

"மாமா."

"சொல்லு சாமி."

"சைக்கிள்."

"என்னது?"

"பள்ளிக்கூடத்துக்கு. சைக்கிள்."

அழைப்பு துண்டிக்கப்படுகிறது. அரசு தரும் விலையில்லா மிதிவண்டி பதினோராம் வகுப்பில்தான். இன்னும் மூன்று வருடம்.

"சீர்ல யாராச்சும் சைக்கிள் வைப்பாங்களா?" பாட்டி கேட்கிறார். மாமன் பதில் சொல்லவில்லை. புடவை மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பாட்டி படித்தது ஏழாவது வரை. அவர் வயதுக்கு வந்து குடிசை கட்டிய நாளோடு பள்ளிக்கூடம் முடிந்தது. வளையல், ரிப்பன், குங்குமச்சிமிழ் எல்லாம் வந்தன. நோட்டுப் புத்தகம் வரவில்லை. இப்போது பட்டியலை எடுத்து, விரலால் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்குகிறார். சாக்லேட் கோபுரம். கரடி பொம்மை. கண்ணாடித்தாள், ரிப்பன், அலங்காரக் கூலி.

"பத்துத் தட்டைத் திருப்பிக் குடுத்துரு."

எழுதுபொருள் கடை. மொய்க் கவர்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒட்டிய ஒரு ரூபாய்க் காசு. இங்கே கணக்கு எப்போதும் ஒன்று கூடி நிற்கிறது: 101, 501, 1001. ஏறக்குறைய இதே வயதில் யூதக் குடும்பங்களிலும் ஒரு சடங்கு உண்டு. பையனுக்கு 13 வயதில் பார் மிட்ஸ்வா. பெண்ணுக்கு 12-லோ 13-லோ பாட் மிட்ஸ்வா. அங்கே பண அன்பளிப்பு பெரும்பாலும் 18-இன் மடங்கில்: 36, 54, 180. எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. உயிர் என்ற சொல்லுக்குக் கூட்டுத்தொகை 18. சபை நடுவே நின்று தோரா என்ற வேதநூலை வாசிக்கும் பிள்ளைக்குப் புத்தகங்களும் பரிசாக வருகின்றன. அங்கே வயதுக்கு வந்தது, மதக் கட்டளைகளுக்குத் தானே பொறுப்பு ஏற்றது என்று அர்த்தம்.

சைக்கிள் கடை. மாமன் சீட்டைத் தாழ்த்தச் சொல்கிறார். கடைப்பையன் தாழ்த்துகிறான். இன்னும் கொஞ்சம். பாட்டி தன் இடுப்பருகே கையை வைத்து உயரம் காட்டுகிறார். பிறகு கையை ஒரு சாண் உயர்த்துகிறார்.

ஞாயிறு காலை. மாமன் பச்சைத் தென்னங்கீற்று முடைகிறார். குடிசை என்று பேர் பண்ண நாலு கீற்று. தெருமுனையில் மேளம். தட்டுகள் வரிசையாகக் கிளம்புகின்றன: புடவை, வளையல், மஞ்சள், பூவன் சீப்பு, தேங்காய், உளுந்து, நல்லெண்ணெய். கடைசியில் மாலை போட்ட சைக்கிள். அதைத் தள்ளி வருபவர் பாட்டி. பெல்லில் கை வைக்கும் சிறுவர்களை அவர் விரட்டவில்லை.

வாசலில் மொய் நோட்டு. எழுதுபவர் முதல் வரியில் தாய்மாமன் சீர் என்று போடுகிறார். தட்டு 21. புடவை 1. ஜிமிக்கி 1 ஜோடி. பேனா நிற்கிறது. நிமிர்ந்து பார்க்கிறார்.

"எழுதுங்க," என்கிறார் பாட்டி.

சைக்கிள் 1.

பள்ளிக்கூடம் நான்கு கிலோமீட்டர். புதன்கிழமை காலாண்டுத் தேர்வு தொடங்குகிறது. அவள் எழுதுகிறாள்.